பின்வாசல் வழியே வந்த ஆமை

குழந்தையின் விரல்களை எங்கள் அம்மா மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தாள். திருவண்ணாமலை அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு அது. கைவிரல் முடிந்து கால்விரலுக்குப் போய், அதுவும் சரியாக இருக்கவே, மேலுதட்டைச் சுட்டுவிரலால் தடவிப் பார்த்தாள். பிறகு காதுகள். கட்டிலில் களைத்துக் கிடந்த அண்ணி இதையெல்லாம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். "எல்லாம் சரியா இருக்குதா அத்தே? எதுனா கம்மியா இருந்தா இப்பவே சொல்லிடுங்க, நர்ஸம்மாகிட்ட கேட்டு வாங்கிக்கலாம்" என்றார். பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கிரகணத்தன்று ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடைந்திருந்தபோது, ஏழு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து, வெள்ளரிக்காயைக் கத்தியால் நறுக்கி மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ற மருமகள் இவர். அன்றிலிருந்து அம்மா சரியாகத் தூங்கவில்லை. "வாயை மூடுடி. அண்ணாமலையார் காப்பாத்தினாரு" என்று சொல்லிக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

என் அண்ணனின் மனைவி பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம். வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் விவசாயக் குடும்பம்தான். ஆனால் அவருடைய அப்பா கறுப்புச் சட்டைக்காரர். எழுபதுகளின் நடுவில் நடந்த கல்யாணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. இரண்டு மாலை, நான்கு பேச்சாளர்கள், ஒரு சோடா. அம்மா மட்டும் முந்தின நாளே தாலியை முந்தானையில் முடிந்துகொண்டு போய் உண்ணாமுலையம்மன் சந்நிதியில் வைத்து எடுத்து வந்துவிட்டாள். அது அண்ணிக்குத் தெரியும். தெரியாதது போலவே அம்மாவின் கடைசிவரை இருந்தார். சண்டை போட வேண்டிய இடம் எது, விட வேண்டிய இடம் எது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை முழுசாகப் பிடிபடவில்லை.

மற்றபடி விடமாட்டார். பூனை குறுக்கே போனால் நின்றுவிடுகிறவர்களை நிறுத்தி வைத்துப் பூனையின் பார்வை பற்றிப் பாடம் எடுப்பார். ராகுகாலத்தில்தான் புதுப் புடவை பிரிப்பார். பல்லி விழுந்த பலனுக்குப் பஞ்சாங்கம் புரட்டிய பக்கத்து வீட்டம்மாவிடம், "பல்லி மேலே நீங்க விழுந்திருந்தா அதுக்கு இன்னா பலன்னு போட்டிருக்குது, பாருங்க" என்று கேட்டு ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. தீபத்துக்கு ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பி நிற்கையில் அவரும் மொட்டைமாடிக்கு வருவார், அத்தனை தூரம் அந்தச் சுடர் எப்படித் தெரிகிறது என்று எனக்கு விளக்குவார். ஆனாலும் தீபம் ஏற்றுகிற அந்த நிமிடத்தில் பேச்சை நிறுத்திவிடுவார். நான் கவனித்திருக்கிறேன்.

பேகோபுரத் தெருவில் நான்கு குடித்தனம் சேர்ந்திருந்த வீட்டில் ஒரு பகுதி எங்களுடையது. நான்கு குடும்பத்துக்கும் ஒரே கிணறு. அந்தக் கிணற்றில் ஓர் ஆமை இருந்தது. தண்ணீர் சுத்தமாக இருக்க வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டது. எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் கிணற்றுக்கு ஓர் ஆமை விடுவது சாதாரண விஷயம். காலையில் வாளியை இறக்கும்போது அது மேலே வந்து மூக்கை மட்டும் நீட்டும். அம்மா உள்ளே எட்டிப் பார்த்து, "தள்ளிப் போ, மண்டையில பட்டுடப் போவுது" என்று சொல்லிவிட்டுத்தான் கயிற்றை விடுவாள். அதே அம்மாவிடம் ஆமை வீட்டுக்குள் வந்தது என்று யாராவது சொன்னால் போதும், முகம் வெளுத்துவிடும். அந்த வீடு அவ்வளவுதான், விளக்கேற்ற ஆள் இருக்காது என்பாள். "ஏன் அத்தே, கெணத்துல இருந்தா நல்லது, கூடத்துல இருந்தா கெட்டதா? நடுவுல இருக்கிற பத்தடியில அதுக்கு இன்னா ஆயிடுது?" என்று அண்ணி கேட்பார். "அது அப்படித்தான்" என்பாள் அம்மா. இதற்கு மேல் வலுவான பதிலை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை.

அண்ணிக்கும் எனக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சொர்க்கம் ஒன்று இருந்தது. வேங்கிக்கால் போகிற வழியில், ரோட்டைவிட்டுக் கொஞ்சம் உள்ளே ஒரு தாங்கல். ஏரி என்று சொல்ல முடியாத அளவு சின்னது. குட்டை என்றால் அதற்குக் கோபம் வரும். மலையில் பெய்கிற மழை வழிந்துவந்து அங்கே தேங்கும். ஒரு பக்கம் கோரையும் சம்பும் ஆள் உயரத்துக்கு நிற்கும். நடுவில் அல்லி. கிழக்கே செம்மண் மேடு. வேங்கிக்கால் அப்போது வெறும் கிராமம். கலெக்டர் ஆபீஸ் எல்லாம் வருமென்று யாரும் கனவுகூடக் காணவில்லை. எல்லாவற்றுக்கும் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அண்ணி குடையை எடுத்துக்கொள்வார், நான் வறுத்த மல்லாட்டை எடுத்துக்கொள்வேன். சத்தம் போடாமல் கரையில் உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் நீரில் கிடக்கும் கருவேலங்கட்டை மேல் ஒவ்வொன்றாக ஏறிவந்து கழுத்தை நீட்டி வெயில் காயும்.

அவை பாலாமைகள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அண்ணிக்கு ஊர் உலகம் மறந்துவிடும். ஓட்டின் அடியில் பின்னங்காலுக்கு இரண்டு மடிப்பு இருக்குமாம்; பயந்தால் காலை உள்ளே இழுத்துக்கொண்டு சட்டைப்பை மூடியைப் போல அதை மூடிக்கொள்ளுமாம். கோடையில் தாங்கல் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழை வரும்வரை பட்டினி கிடக்கும். ஐப்பசி மழையில் கிழக்கு மேட்டில் ஏறிக் குழி பறித்து முட்டையிடும். வெள்ளை வெளேரென்று கோலிக்குண்டைவிடப் பெரிய உருண்டைகள். "நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்க கழனியில ஏர் ஓட்டினா ஆமை ஏர்ல மாட்டும். எங்கப்பா தூக்கிக் கால்வாயில விடுவாரு. இப்ப ஊருக்குப் போனா ஒண்ணுகூடக் காணோம். கறிக்குப் பிடிச்சிட்டாங்க, மருந்துனு சொல்லிப் பிடிச்சிட்டாங்க. மிச்ச எடத்தைத் தூர்த்துட்டாங்க. இந்தப் பக்கத்துல நான் பார்த்த வரைக்கும் மிச்சம் இருக்கிறது இதுதான்" என்பார். அதைச் சொல்லும்போது அவருடைய டீச்சர் குரல் இறங்கிவிடும்.

எண்பதுகளில் வந்தது வீட்டுமனைச் சங்கம். கோபுரத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் இடமில்லை, வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. ஆபீஸ் உத்தியோகக்காரர்களும் கடைக்காரர்களுமாகச் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். தலைவர் ஒரு ஜவுளிக்கடை முதலாளி, நல்ல மனிதர். செயலாளர் என் அண்ணன். அண்ணனுக்குச் சொந்த வீட்டு ஆசை அப்படி. காலையில் கக்கூஸ் வாசலில் வரிசையில் நிற்கும்போதெல்லாம், "நம்ம வீட்டுல இது உள்ளேயே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே நிற்பார். சங்கம் பார்த்த இடம் தாங்கலின் கிழக்கு மேடு. முதலில் மேட்டில் சில வீடுகள். அது எல்லாருக்கும் போதாது. ஆகவே அடுத்த கட்டமாகத் தாங்கலையே தூர்த்து மனை பிரிக்க அரசாங்கத்திடம் கேட்பது. தண்ணீர் யாருக்கும் பாயவில்லை, வெறும் கொசுதான் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்கள்.

அந்த விண்ணப்பத்தை டைப் அடித்தது நான்தான். தேரடித் தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை அண்ணன் தாங்கலைத் தூர்க்க விண்ணப்பம் கொண்டுவந்தார். வியாழக்கிழமை அண்ணி தூர்க்கக் கூடாது என்று மனு கொண்டுவந்தார். இரண்டும் ஒரே மெஷினில், ஒரே ரிப்பனில் அடித்தவை. இருவரும் ஒரே தட்டில் சோறு சாப்பிடாத குறைதான். இந்த விஷயத்தில் மட்டும் எதிர்க்கட்சி. ராத்திரி சாப்பாட்டில் அண்ணன், "உன் மனுவுல 'ஜீவராசிகள்'னு போட்டிருக்கியே, நாங்க இன்னா ஜீவராசி இல்லியா?" என்பார். "நீங்களும்தான். ஆனா உங்களுக்கு வேற எடத்துல மனை கெடைக்கும்" என்பார் அண்ணி. அம்மா நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் ரசம் ஊற்றுவாள்.

மனு எங்கெங்கோ போயிற்று. ஆமையைப் பிடிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது, உண்மைதான். ஆனால் ஆமை இருக்கிற தண்ணீரைத் தூர்க்கக் கூடாது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் அண்ணியை மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்து, "டீச்சரம்மா, ஆமைக்கு வீடு அது முதுகுலயே இருக்குது. மனுஷனுக்குத்தான் இல்லே" என்றார்களாம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது அண்ணியும் சிரித்தார், நல்ல ஜோக்தான் என்று ஒப்புக்கொண்டார். பிறகு போய்க் கிணற்றடியில் நெடுநேரம் துணி துவைத்தார். துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தார்.

அரசாங்கத்தின் பதில் வருவதற்கு முன்பே லாரிகள் வந்தன. மேட்டில் தலைவர் வீடு முதலில் எழும்பியது, எல்லாருக்கும் நம்பிக்கை வரட்டும் என்று. அதையொட்டித் தாங்கலின் ஓரத்தில் கிராவல் மண் கொட்ட ஆரம்பித்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது, வழக்கமாக உட்காருகிற இடத்தில் ஒரு லோடு மண் குவிந்திருந்தது. சரிவில் போன வருடம் ஆமைகள் குழி பறித்த இடமெல்லாம் அதற்கு அடியில். அண்ணி குடையைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து கையால் அந்த மண்ணை அள்ளினார். ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி. கிராவலில் கல் அதிகம், நகம் உடைந்தது. நான் தோளைப் பிடித்து, "விடுங்க அண்ணி, கையால எவ்ளோ எடுப்பீங்க" என்றேன். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். பிரசவ வலியில்கூட வாய்திறக்காதவர். எனக்கும் அழுகை வந்தது. அதுவரை ஆமை எனக்கு ஒரு வேடிக்கைதான். அன்றைக்கு அது எங்கள் வீட்டுக் கஷ்டமாகிவிட்டது.

தலைவர் வீட்டுக் கிரகப்பிரவேசம் ஐப்பசியில் ஒரு நல்ல முகூர்த்தத்தில் வைத்தார்கள். தலைவாசல் நிலை வைக்கும்போதே மஞ்சள், குங்குமம், நவதானியம், மாவிலைத் தோரணம் என்று ஒன்றும் குறையவில்லை. வாசலுக்கு மேலே திருஷ்டிப் பூசணிக்காய், அதற்குப் பக்கத்தில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியது, படிகாரக் கல், கண்ணாடிக்குள் பயங்கர மூஞ்சி ஒன்று. எல்லாக் கெடுதலும் தலைவாசல் வழியாகத்தான் வரும் என்பது நம்மவர்களின் அசைக்க முடியாத முடிவு. பின்வாசலுக்குக் கதவே போடவில்லை. தச்சருக்குத் தலைவாசல் வேலை ஜாஸ்தியாகிவிட்டதால், பின்னால் சாக்குப்படுதா ஒன்றைத் தொங்கவிட்டுச் சமாளித்திருந்தார்கள். முந்தின நாள் பகலெல்லாம் நல்ல மழை.

விடிகிற நேரம். ஐயர் மந்திரம் சொல்ல, நாதஸ்வரம் வாசிக்க, கொம்புக்கு மஞ்சள் பூசிய பசுவையும் கன்றையும் வாசல்படியில் நிறுத்தியிருந்தார்கள். முதலில் பசு உள்ளே போக வேண்டும், அதன் பின்னால்தான் மனிதர்கள். சங்கத்து உறுப்பினர்கள் குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். நாங்கள் எல்லோருமே போயிருந்தோம், அண்ணி உட்பட. "வீடு கட்டினதுல அவர் மேல எனக்குக் கோபம் இல்லே, கட்டின எடத்துலதான்" என்று சொல்லிவிட்டு நல்ல புடவையாகவே கட்டிக்கொண்டு வந்திருந்தார். தலைவரின் மனைவி குத்துவிளக்கோடு கதவைத் தள்ளித் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கூடத்தின் நடுவில், மாக்கோலத்தின் மத்தியில், சேறு பூசிய ஓர் ஆமை கழுத்தை நீட்டி எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. பின்வாசலிலிருந்து கோலம்வரை ஈரத் தடம். பசுவுக்கு முன்னாலேயே அது கிரகப்பிரவேசம் செய்துவிட்டது.

நாதஸ்வரம் பாதியில் நின்றது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்து, "ஐயோ, போச்சே" என்றாள். அவள் மட்டுமா? அங்கிருந்த எல்லாப் பெண்களின் வாயிலிருந்தும் அந்த வார்த்தைதான் வந்தது. ஐயர் ஏதோ பரிகாரம் சொல்ல ஆரம்பித்தார், யார் காதிலும் விழவில்லை. அண்ணிதான் நேராக உள்ளே போய்க் குனிந்து, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகவே வெளியே போனார். சாக்குப்படுதாவுக்கு அந்தப் பக்கம் அவர் அதனிடம் என்னவோ பேசுவது கேட்டது. திட்டினாரா கொஞ்சினாரா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது நல்ல புடவையெல்லாம் சேறு.

அந்த வாரமே சங்கம் கலகலத்துவிட்டது. தலைவரின் மனைவி புது வீட்டில் பால் காய்ச்சக்கூட மறுத்துவிட்டார். மனைக்குப் பேர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக அண்ணனைத் தேடி வந்து இழுத்துப் பேசினார்கள். ஆள் குறைந்தால் தாங்கலை ஒப்படைக்க அரசாங்கம் சம்மதிக்காது, திட்டமே படுத்துவிடும். தீபத்துக்குள் ஒரு கூட்டம் போட்டு எல்லாரையும் சமாதானப்படுத்துவது என்று தலைவர் முடிவு செய்தார். யாரை வைத்துப் பேசுவது? ஊரில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேச ஒரே ஒரு ஆள்தான். தலைவரே எங்கள் வீட்டுக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, அண்ணியைக் கும்பிட்டார். "டீச்சர், நீங்க சொன்னா ஜனம் கேட்கும். கிரகணத்துல சாப்பிட்டுப் புள்ளை பெத்தவங்க நீங்க. ஆமை வந்தா ஒண்ணும் ஆவாதுனு மேடை ஏறி ஒரு வார்த்தை சொல்லணும்."

தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அண்ணன்தான் ஆரம்பித்தார். "ஊரெல்லாம் இதைத்தானே பேசிக்கினு இருக்கே. இப்பப் பேசேன். எனக்காக வோணாம், உன் கொள்கைக்காகப் பேசு." அவர் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே கெஞ்சினார்.  அண்ணியின் நிலைமை எனக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததை இன்னொரு தடவை சொன்னால் தாங்கல் போய்விடும். சொல்லாமல் விட்டால் தாங்கல் பிழைக்கும்; ஆனால் எந்த இருட்டை விரட்டுகிறேன் என்று புறப்பட்டாரோ, அது ஊர் நடுவில் உட்கார்ந்து சிரிக்கும். "தொண்டை கட்டிடுச்சுனு சொல்லிடுங்க அண்ணி" என்று நான் காதோரம் சொன்னேன். "பொய் சொல்லச் சொல்றியா?" என்று முறைத்தார்.

அம்மாவின் யோசனை இன்னும் அபாரம். "ஆமை வந்தா ஆவாதுதான்னு நீயே ஒரு வார்த்தை சொல்லிடேன். அதுங்களும் பொழைச்சுக்கும், எனக்கும் கோபுரத்தை விட்டுட்டு அந்தக் காட்டுல போய் இருக்கிற வேலை மிச்சம்." அண்ணி மாமியாரை நிமிர்ந்து பார்த்தார். "அத்தே, அதைச் சொன்னா நாளைக்கு எப்படி நான் பசங்க முன்னாடி சாக்பீஸ் புடிப்பேன்?" அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அன்றைக்கு அண்ணியின் தட்டில் நெய்யை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில், பட்டப்பகலில். மேடை ஓரத்தில் சுருக்கெழுத்து நோட்டோடு நான் உட்கார்ந்திருந்தேன். தலைவர் அண்ணிக்கு மாலை போடப் போய், அவர் வேண்டாமென்று கையில் வாங்கிக்கொண்டார். முகத்தைப் பார்த்தேன். என்ன முடிவில் வந்திருக்கிறார் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பேச ஆரம்பித்ததும் வகுப்பில் பேசுகிற மாதிரி இருந்தது. "ஆமை வீட்டுக்குள்ள வந்தா கெடுதல்னு சொல்றது சுத்த மூடநம்பிக்கை. உங்க வீட்டுக் கெணத்துல எல்லாம் ஆமை இருக்குது. அந்தத் தண்ணியைத்தான் நீங்க குடிக்கிறீங்க. யாருக்கு இன்னா ஆச்சு?" என்றார். கிரகணத்தைச் சொன்னார், மகனைச் சொன்னார். கூட்டத்தில் சிரிப்பு. அண்ணனின் முகம் மலர்ந்தது. தலைவர் கைதட்டினார்.  ஆகிவிட்டது, தாங்கல் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது நடுவரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். நெற்றியில் பெரிய குங்குமம், மடியில் குழந்தை. "டீச்சரம்மா, நீங்க சொல்றது சரிங்க. அன்னிக்கு ஏதோ வழி தவறி வந்துடுச்சு. இனிமே வராதில்ல?" என்று கேட்டார். மண்டபம் முழுக்க ஆமோதிப்பது போல ஒரு முனகல். அண்ணி கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். தலையாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் கூட்டம் முடிந்திருக்கும்.

"வரும்" என்றார் அண்ணி.

தலைவர் நிமிர்ந்தார். "எப்பங்க வரும்?" என்றார் அந்த அம்மா. "மழை பேஞ்சா வரும். வருஷா வருஷம் வரும். அது வழி தவறி வரலீங்க. அந்த மேட்டுலதான் அதுங்க முட்டை வெக்கும், அதுக்காக ஏறி வந்துச்சு. அங்கே இப்ப தலைவர் வீட்டுக் கூடம் இருக்குது." பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: "தாங்கலைத் தூர்த்துட்டா வராதில்ல?" அண்ணி யோசித்தார். பாடத்தில் சந்தேகம் கேட்ட பிள்ளைக்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமே என்று யோசிக்கிற அதே முகம். "தூர்த்தா இன்னும் ஜாஸ்தியா வரும். சேத்துக்குள்ள பொதைஞ்சிருக்கிறது எல்லாம் தப்பிச்சுத் தண்ணியைத் தேடி மேலே வரும். சமையக்கட்டு, பாத்ரூம், எங்கே ஈரம் இருக்குதோ அங்கே வரும். உயிரோட இருக்கிற வரைக்கும் தேடிக்கினுதான் இருக்கும்." தலைவர் எழுந்து, "டீச்சர், போதும், போதும்" என்றார். "இருங்க சார், முக்கியமானதைச் சொல்லிடறேன். அதனால யாருக்கும் ஒண்ணும் ஆவாது. பயப்படவே வோணாம்" என்றார் அண்ணி.

அதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. குங்குமக்கார அம்மா குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அவர் பின்னால் வரிசை வரிசையாக எழுந்தார்கள். அண்ணி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் ஆவாதுங்க! நான் சொல்றதைக் கேளுங்க! சாதுவான பிராணிங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தார். அவர் நடிக்கவில்லை. எனக்கு அவரைத் தெரியும். அத்தனை பேரையும் நிறுத்தி வைத்து எப்படியாவது பயத்தைப் போக்கிவிட வேண்டும் என்று மனப்பூர்வமாகப் பாடுபட்டார். மண்டபம் காலியானதும் என்னைப் பார்த்து, "நான் சொன்னதை யாரும் கேக்கலியே" என்றார். "கேட்டாங்க அண்ணி, பாதியைக் கேட்டாங்க" என்றேன். எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. நோட்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அப்பாடா என்று உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

அண்ணனுக்குத்தான் பாவம், வருத்தம். பல நாள் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் நல்ல மழை பிடித்தபோது, நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமலே, "இந்நேரம் மேட்டுல ஏறியிருக்குமா?" என்று கேட்டார். அண்ணி அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்து, "ஏறும், ஏறும்" என்றார். அவ்வளவுதான் சமாதானம். சங்கம் கலைந்தது. சில வருடங்கள் கழித்து அவலூர்ப்பேட்டை ரோட்டுப் பக்கம் ஒரு நல்ல மனை அமைந்து அண்ணன் வீடு கட்டினார். கக்கூஸ் உள்ளேயே இருந்தது. எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊர் தனி மாவட்டமாகி, வேங்கிக்காலில் ஆபீஸ்கள் வந்து, நிலத்தின் விலை எங்கேயோ போயிற்று. சுற்றிலும் வீடுகள் முளைத்தன. தாங்கலை மட்டும் யாரும் தொடவில்லை. ஆமைத் தாங்கல் என்று பேராகிவிட்டதால் புரோக்கர்கள் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேசும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அண்ணிக்கு அது ஓர் உறுத்தலாகவே இருந்தது. தாங்கல் தப்பியதில் சந்தோஷம். தப்பிய விதத்தில் இல்லை. "ஜனங்க புரிஞ்சுக்கினு விட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று நூறு தடவையாவது சொல்லியிருப்பார். கொட்டிய கிராவல் மேல் புல் முளைத்து, அதிலும் ஆமைகள் குழி பறிக்கத் தொடங்கிய வருடம் மட்டும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கரையில் உட்கார்ந்து ஒரு படி மல்லாட்டையைத் தனியாகவே தின்று தீர்த்தார்.

அம்மாவும் அண்ணனும் இப்போது இல்லை. அண்ணிக்கு எண்பதை நெருங்குகிறது. போன ஐப்பசியில் ஓய்வூதிய வேலையாக வேங்கிக்காலுக்குப் போய்விட்டு இருவரும் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தாங்கல் திருப்பத்தில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டு இஞ்சினை அணைத்தார். நடுரோட்டில் ஓர் ஆமை, தட்டகலம் இருக்கும். "ஆமை குறுக்க வந்துடுச்சும்மா. அதைத் தாண்டிக்கினு போனா குடும்பத்துக்கே ஆவாது. அது போற வரைக்கும் நிக்க வேண்டியதுதான்" என்றார் அந்தப் பையன். பின்னால் வந்த மினி பஸ் ஹாரன் அடித்தது. பையன் இறங்கிப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று பஸ்ஸை நிறுத்தினான். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்தார், ஆமையைப் பார்த்ததும் ஹாரனை விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். பாடம் ஆரம்பமாகப் போகிறது என்று நினைத்தேன். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். கம்பியைப் பிடித்தபடி ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது நடு ரோட்டில் ஒரு தடவை நின்று, தலையை உள்ளே இழுத்துக்கொண்டு யோசித்தது. அதற்குள் எங்களுக்குப் பின்னால் பெரிய வரிசை சேர்ந்துவிட்டது. ஒருவரும் சத்தம் போடவில்லை. பிறகு அது மெல்ல நகர்ந்து, ரோட்டோரத்துப் புல்லில் இறங்கி, சரிவில் சறுக்கிக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் மறைந்தது. பையன் வந்து உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

அண்ணி முன்னால் குனிந்து அவன் தோளைத் தட்டினார். "தம்பி, இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ. ஆமை குறுக்க வந்தா ஒண்ணும் ஆவாது. அதெல்லாம் சுத்த மூடநம்பிக்கை."